பார்ட்டிக்கு ஒரு ஃபோல்டர் மட்டும்: எஸ்எஃப்டிபி சர்வர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் சில அச்சகங்களுக்கும் டிடிபி கடைகளுக்கும் சர்வர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். எங்கள் பக்கத்து வேலை எப்படி என்றால், புனலூரில் உட்கார்ந்து ஒருவர் கல்யாணப் பத்திரிகையை மலையாளத்தில் டிசைன் செய்வார், ப்ரூஃப் இங்கே பார்க்கப்படும், பிளேட் சிவகாசியில் போடப்படும். மூன்று ஊருக்கும் நடுவே ஃபைல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஃபைல் போக்குவரத்துக்கு லினக்ஸ் சர்வரில் எஸ்எஃப்டிபி (ஃபைலைப் பாதுகாப்பாக அனுப்பும் முறை) போடுவது பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன். வாடிக்கையாளரை எங்கள் தொழிலில் பார்ட்டி என்போம். கட்டளைகளையும் கான்ஃபிக் வரிகளையும் உச்சரிப்பை வைத்துத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

அண்ணாச்சி, எஃப்டிபியே நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?

ஓடுகிறது என்பதுதான் பிரச்சினை. ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஃப்டிபி 1971இல் அபய் பூஷண் எழுதிய ஆர்எஃப்சி 114 என்ற நெட்வொர்க் ஆவணத்தில் தொடங்கியது. அவர் கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்தவர், எழுதியபோது எம்ஐடியில் இருந்தார். அன்றைக்கு நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஒருவரையொருவர் தெரியும், அதனால் பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே அனுப்புவது யாருக்கும் தவறாகப் படவில்லை. சாதாரண எஃப்டிபியில் இன்றைக்கும் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகத்தான் போகிறது. பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வைஃபையில் உட்கார்ந்து லாகின் செய்தால், அதே வைஃபையில் இருக்கும் இன்னொருவர் அதை எழுத்து எழுத்தாகப் படித்துவிட முடியும்.

நான் மாற்றிய காரணம் வேறு. சில வருடங்களுக்கு முன் ஒரு அச்சகத்துக்கு நானே எஃப்டிபி போட்டுக் கொடுத்தேன், எல்லா பார்ட்டிக்கும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டு, அது கவுன்டர் பக்கத்துச் சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. ஒரு நாள் ஒரு பார்ட்டி இன்னொரு பார்ட்டியின் ஃபோல்டரைத் திறந்து அவருக்குப் போட்ட ரேட் கொட்டேஷனைப் பார்த்துவிட்டார். அதே வாரம் வேறு யாரோ பழைய ஃபைல் என்று நினைத்து ஒரு ஃபோல்டரை முழுசாக அழித்தார். யார் அழித்தது என்று லாகில் (சர்வர் எழுதிவைக்கும் பதிவில்) பார்த்தால் எல்லா வரியிலும் அதே யூசர் பெயர்தான். முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்த ஒரு பத்திரிகையை முதலிலிருந்து டிசைன் செய்ய வேண்டியதாயிற்று. அந்த வீட்டுக்காரரிடம் என்னால் நேராக முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. அப்போது முடிவு செய்தேன், ஆளுக்கொரு யூசர், அவரவர் ஃபோல்டருக்கு மேல் ஒன்றும் கண்ணில் படக்கூடாது என்று.

எஸ்எஃப்டிபி, எஃப்டிபிஎஸ் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. எஃப்டிபிஎஸ் என்பது அதே பழைய எஃப்டிபி, மேலே டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தைப் போர்த்தியது. டேட்டாவுக்குத் தனி போர்ட்டுகள் (சர்வரின் எண் போட்ட வாசல்கள்) திறந்து வைக்க வேண்டும், ஃபயர்வாலில் தொல்லை. எஸ்எஃப்டிபி முழுக்க வேறு புரோட்டோகால், எஸ்எஸ்ஹெச் என்ற, தூரத்திலிருந்து சர்வருக்குள் போகும் பாதுகாப்பான இணைப்புக்குள்ளேயே ஓடுகிறது, 22ஆம் போர்ட் ஒன்று போதும். ஃபைல் ஏற்றி இறக்கும் ஃபைல்ஜில்லா புரோகிராமில் புரோட்டோகால் என்ற இடத்தில் எஸ்எஃப்டிபி என்று தேர்ந்தெடுக்காமல் எஃப்டிபி என்றே விட்டுவிட்டு "கனெக்ட் ஆகலை" என்று போன் செய்பவர்கள்தான் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி, முதலில் அதைப் பாருங்கள்.

பார்ட்டிக்கு எஸ்எஸ்ஹெச் லாகின் கொடுத்தா சர்வரையே கொடுத்த மாதிரி ஆகாதா?

சும்மா யூசர் உருவாக்கிக் கொடுத்தால் ஆகும். அந்த யூசர் கமாண்ட் அடிக்கலாம், மற்ற ஃபோல்டர்களை எட்டிப் பார்க்கலாம், உங்கள் சர்வர் வழியாக உங்கள் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகலாம். பலருக்குத் தெரியாதது இந்தக் கடைசி விஷயம்தான், ஷெல்லை (கமாண்ட் அடிக்கும் இடத்தை) மூடினாலும் போர்ட் ஃபார்வர்டிங் (சர்வர் வழியாக வேறு கம்ப்யூட்டருக்குப் பாதை போடுவது) திறந்திருந்தால் உள்ளே இருக்கும் டேலி கம்ப்யூட்டர் வரைக்கும் ஆள் போய்விடலாம்.

நம் பழைய வீடுகளில் திண்ணை எதற்கு இருந்தது? வருகிறவர் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், கொண்டுவந்ததை வைத்துவிட்டுப் போகலாம், அடுக்களைக்குள் நுழைய வேண்டிய அவசியமே வராது. நாம் கட்டப்போவது ஆளுக்கொரு திண்ணை. லினக்ஸில் எஸ்எஸ்ஹெச் வேலையைச் செய்யும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் 2008லிருந்து இதற்கு வசதி இருக்கிறது, க்ரூட்டைரக்டரி என்று பெயர். அந்த யூசருக்கு அவருடைய ஃபோல்டர்தான் உலகத்தின் ஆரம்பம், அதற்கு மேலே ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தெரியாது. பேச்சுவழக்கில் இதை ஜெயில் என்பார்கள்.

சரி, என்னென்ன செய்யணும்? வரிசையா சொல்லுங்க.

முதலில் பார்ட்டி என்று ஒரு குரூப். பிறகு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவர் பெயரில் ஒரு யூசர், அவருக்கே உரிய சொந்த குரூப்போடு, கூடுதலாக இந்த பார்ட்டி குரூப்பிலும் சேர்த்து. ஷெல்லாக நோலாகின் கொடுங்கள். ஷெல் இல்லாமல் எஸ்எஃப்டிபி எப்படி ஓடும் என்று சந்தேகம் வரும், இன்டர்னல்-எஸ்எஃப்டிபி என்பது எஸ்எஸ்ஹெச் டீமனுக்குள்ளேயே (பின்னணியில் ஓடும் எஸ்எஸ்ஹெச்டி என்ற புரோகிராமுக்குள்) இருக்கிற பகுதி, அதற்கு வெளி ஷெல் தேவையில்லை.

ஃபோல்டர்களை நான் இப்படி வைக்கிறேன். /எஸ்ஆர்வி/எஸ்எஃப்டிபி/புனலூர் என்பது ஜெயில் (புனலூர் இங்கே யூசர் பெயர்), அது சர்வரின் தலைமை யூசரான ரூட்டுக்குச் சொந்தம், அனுமதி 755, அதாவது ஓனர் மட்டும் எழுதலாம். அதற்குள் இரண்டு ஃபோல்டர். இன் என்பது பார்ட்டி நமக்கு அனுப்புவது, ஓனர் பார்ட்டி, குரூப் அச்சகத்து ஆட்களின் குரூப், அனுமதி 2770. அவுட் என்பது நாம் பார்ட்டிக்குக் கொடுக்கும் ப்ரூஃப், ஓனர் அச்சகத்து யூசர், குரூப் அந்தப் பார்ட்டியின் சொந்த குரூப், அனுமதி 2750, அதாவது பார்ட்டி எடுக்கலாம், மாற்றவோ அழிக்கவோ முடியாது. முன்னால் நிற்கும் அந்த 2 முக்கியம், அது இருந்தால் உள்ளே விழும் ஒவ்வொரு ஃபைலும் ஃபோல்டரின் குரூப்பையே எடுத்துக்கொள்ளும். அதை மறந்துவிட்டால் பார்ட்டி அனுப்பிய ஃபைலை அச்சகத்து ஆளால் திறக்க முடியாமல் போகும்.

அப்புறம் /ஈடிசி/எஸ்எஸ்ஹெச்/எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் ஃபைலின் கடைசியில் இவை:

மேட்ச் குரூப் பார்ட்டி
க்ரூட்டைரக்டரி /எஸ்ஆர்வி/எஸ்எஃப்டிபி/%யூ
ஃபோர்ஸ்கமாண்ட் இன்டர்னல்-எஸ்எஃப்டிபி -எல் இன்ஃபோ -யூ 0027 -டி /இன்
ஆத்தரைஸ்ட்கீஸ்ஃபைல் /ஈடிசி/எஸ்எஸ்ஹெச்/கீஸ்/%யூ
ஆதென்டிகேஷன்மெத்தட்ஸ் பப்ளிக்கீ
அலவ்டிசிபிஃபார்வர்டிங் நோ
அலவ்ஏஜென்ட்ஃபார்வர்டிங் நோ
எக்ஸ்11ஃபார்வர்டிங் நோ
பெர்மிட்டனல் நோ

%யூ என்ற இடத்தில் யூசர் பெயர் தானாக வந்து உட்காரும். இரண்டாவது வரி ஜெயில். மூன்றாவது, ஆள் எந்தக் கமாண்ட் கேட்டாலும் எஸ்எஃப்டிபி மட்டும்தான் என்று சொல்லிவிடுகிறது, அதில் உள்ள -டி (டைரக்டரி என்பதன் முதல் எழுத்து, சின்னது) லாகின் ஆனதும் நேராக இன் ஃபோல்டரில் கொண்டு விடுகிறது. கடைசி நாலு வரியும் போர்ட் ஃபார்வர்டிங் போன்ற சுரங்கப்பாதைகளை அடைப்பவை, இணையத்தில் கிடைக்கும் பல குறிப்புகளில் இவை விட்டுப்போயிருக்கும். ஏன் கடைசியில் போட வேண்டும் என்றால், மேட்ச் என்ற வரிக்குக் கீழே வருவதெல்லாம் அடுத்த மேட்ச் வரும் வரைக்கும் அந்த குரூப்புக்கு மட்டுமே பொருந்தும். நடுவில் சொருகினால் கீழே இருந்த பொது வரிகளும் இதற்குள் மாட்டிக்கொள்ளும்.

சேவ் செய்ததும் ரீலோட் அடித்துவிடாதீர்கள். எஸ்எஸ்ஹெச்டி -டி (டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து, சின்னது) அடித்தால் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லிவிடும். அதே எழுத்தைப் பெரிதாகப் போட்டு, பெரிய -சி யூசர்=புனலூர் என்று சேர்த்து அடித்தால் அந்த யூசருக்கு உண்மையில் எந்த வரிகள் செல்லுபடியாகின்றன என்று முழுப் பட்டியலும் வரும். இந்தப் பெரிய டி எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது, ஏனென்றால் எஸ்எஸ்ஹெச்டி முதலில் பார்க்கும் மதிப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். உபுண்டு, டெபியன் வகை லினக்ஸில் எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி என்ற ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்கள் முதலில் படிக்கப்படுகின்றன, வாடகை சர்வரில் அங்கே பாஸ்வேர்டு லாகினை அனுமதிக்கும் ஒரு ஃபைல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும், நீங்கள் கீழே நோ என்று எழுதியும் பயன் இருக்காது. இன்னொன்று, ரீலோட் செய்யும்போது உங்கள் பழைய டெர்மினலை மூடாமல் வைத்துக்கொண்டு வேறு ஜன்னலில் புதிதாக லாகின் செய்து பாருங்கள். வெளியே பூட்டிக்கொண்டால் உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

எல்லாம் செஞ்சாச்சு, லாகின் ஆன அடுத்த நொடி கட் ஆகிடுது. "ப்ரோக்கன் பைப்"னு வருது. என்ன தப்பு?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதியிருக்கலாம். ஜெயில் ஃபோல்டர் மட்டுமல்ல, அதற்கு மேலே வேர் வரைக்கும் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், ரூட்டைத் தவிர வேறு யாருக்கும், குரூப்புக்குக்கூட, எழுதும் அனுமதி இருக்கக்கூடாது. ஒன்று தவறினாலும் எஸ்எஸ்ஹெச்டி கதவைச் சாத்திவிடும். பார்ட்டியின் திரையில் காரணம் வராது, சர்வரின் ஆத்.லாகில்தான் "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் க்ரூட் டைரக்டரி" என்று இருக்கும்.

இதைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது சி.ஹெச்.மோட் 777. அனுமதி போதவில்லை என்று நினைத்து அள்ளிக் கொடுக்கிறோம், இங்கே பிரச்சினையே அனுமதி அதிகமாக இருப்பதுதான். 775 இருந்தாலும் ஏற்காது. 755க்கு இறக்குங்கள், சி.ஹெச்.ஓன் ரூட்:ரூட் போடுங்கள், சரியாகிவிடும். எந்தப் படியில் கோளாறு என்று தேட நேமை -எல் என்று அடித்துப் பாதையைக் கொடுத்தால், மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு ஃபோல்டரின் ஓனரும் அனுமதியும் வரிசையாக வரும், கண்ணால் ஓட்டினாலே தெரியும்.

ஏன் இவ்வளவு கறார்? ஜெயிலின் வேரில் பார்ட்டி எழுத முடிந்தால், ஈடிசி, லிப் என்ற பெயர்களில் தானே ஃபோல்டர் உருவாக்கி, ரூட் அதிகாரத்தில் ஓடும் புரோகிராமுக்குப் பொய்யான ஃபைல்களை ஊட்ட முடியும். சுவரைக் கட்டிய கல்லை உள்ளே இருப்பவரே உருவ முடியும் என்றால் அது சுவரே இல்லை. அதனால்தான் பார்ட்டி எழுதும் இடம் ஜெயிலுக்குள் ஒரு படி கீழே, இன் என்ற தனி ஃபோல்டராக இருக்கிறது. "லாகின் ஆனதும் நேரா எழுத முடியணும்" என்று சிலர் அடம்பிடிப்பார்கள், -டி /இன் அந்தக் குறையையும் தீர்த்துவிடும்.

பாஸ்வேர்டு போதாதா? பார்ட்டிக்கு சாவியெல்லாம் புரியாதே.

புரியும். சாவி உருவாக்கும் புட்டிஜென் என்ற புரோகிராமைத் திறந்து, இடி25519 தேர்ந்தெடுத்து, ஜெனரேட் அழுத்தி மவுஸை ஆட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. வருகிற இரண்டு சாவியில் பப்ளிக் சாவியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அது யார் கையில் கிடைத்தாலும் ஆபத்தில்லை. பிரைவேட் சாவி அவர் கம்ப்யூட்டரைவிட்டு நகரக்கூடாது. நீங்களே இரண்டையும் உருவாக்கி அனுப்பிவைக்கும் பழக்கம் வேண்டாம், அப்படி அனுப்பினால் அதுவும் சுவரில் ஒட்டிய பாஸ்வேர்டு மாதிரிதான்.

சாவி ஃபைலை ஜெயிலுக்குள் வைக்காமல் /ஈடிசி/எஸ்எஸ்ஹெச்/கீஸ் கீழே ரூட்டுக்குச் சொந்தமாக, 644 அனுமதியில் வைக்கிறேன். பார்ட்டி தானே இன்னொரு சாவியைச் சேர்த்து வேறு ஒருவருக்கு வழிவிட முடியாது. 600 போட்டுவிடாதீர்கள், எஸ்எஸ்ஹெச்டி அந்த யூசராக மாறித்தான் அதைப் படிக்கிறது, படிக்க முடியாமல் சாவியை நிராகரித்துவிடும்.

முதல் முறை இணையும்போது பார்ட்டியின் திரையில் சர்வரின் கைரேகை வரும், எஸ்ஹெச்ஏ256 என்று தொடங்கும் நீண்ட எழுத்துக்கூட்டம். அப்போது போனில் இருந்து, அந்த எழுத்துகளை இருவரும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த முதல் ஓகேதான் பிறகு வரும் எல்லா இணைப்புக்கும் அடிப்படை.

ஜாப் ஃபோல்டர் வேற டிஸ்கில இருக்கு. சாஃப்ட் லிங்க் போட்டேன், பார்ட்டிக்கு வேலை செய்யலை.

செய்யாது. லிங்க் காட்டும் பாதை ஜெயிலுக்கு வெளியே, உள்ளே இருப்பவருக்கு அப்படி ஒரு இடமே கிடையாது. மவுன்ட் --பைண்ட் கொண்டு அந்த ஃபோல்டரை ஜெயிலுக்குள் கொண்டு வந்து பொருத்துங்கள், பார்க்க மட்டும் என்றால் ரீட்-ஒன்லியாக. எஃப்எஸ்டேபில் எழுதி வைக்க மறந்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் ஃபோல்டர் காலியாகத் தெரியும், பார்ட்டி பதறிவிடுவார்.

சீசன் நேரத்துல லைன் அடிக்கடி போகுது. பாதி ஏறின ஃபைலை முழுசுன்னு நினைச்சு பிளேட் போட்டுட்டா?

ஜூன் தொடங்கிவிட்டால் குற்றாலத்துச் சாரலில் இங்கே கரண்டும் நெட்டும் நிலையாக நிற்பதில்லை, 300 எம்பி ஃபைல் பாதியில் நிற்பது சாதாரணம். வின்எஸ்சிபி என்ற ஃபைல் ஏற்றும் புரோகிராம் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது, 100 கேபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்றும்போது பெயரின் கடைசியில் ஃபைல்பார்ட் என்று ஒட்டி ஏற்றி, முழுசும் முடிந்த பிறகுதான் உண்மைப் பெயருக்கு மாற்றும். அதனால் ஃபைல்பார்ட் என்று இருப்பதைத் தொடாதே என்று அச்சகத்தில் ஒரே ஒரு விதி போதும். கமாண்ட் லைனில் ஏற்றுபவர் புட் -ஏ என்று அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு எச்சரிக்கை: இன்டர்னல்-எஸ்எஃப்டிபிக்கு பெரிய -பி கொடுத்துச் சில செயல்களைத் தடுக்கலாம், பார்ட்டி எதையும் அழிக்கக்கூடாது என்று ரிமூவையும் ரீநேமையும் தடுத்துவிட்டால் இந்தப் பெயர் மாற்றமும் நின்றுபோகும், எல்லா ஃபைலும் ஃபைல்பார்ட்டாகவே கிடக்கும்.

மலையாளத்துல பேர் வச்ச ஃபைல், ஒரே பேர்ல ரெண்டு தெரியுது. சர்வர் கெட்டுப்போச்சா?

சர்வர் நன்றாக இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர், இரண்டு மொழியும் எங்கள் கடைகளில் சகஜம், அதனால் இந்தப் பிரச்சினையை அடிக்கடி பார்க்கிறேன்.

புனலூர் என்று மலையாளத்தில் எழுதினால் கடைசியில் ஒரு சில்லெழுத்து வரும், நம் "ர்" ஒலிக்கு அவர்கள் வைத்திருக்கும் தனி வடிவம். அதைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். பழைய முறையில் ர, சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புக் குறி என மூன்று துண்டு. 2008இல் வந்த யூனிகோட் 5.1 அதே எழுத்துக்குத் தனி எண் ஒன்று கொடுத்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பைட்டுகள், ஆக இரண்டு ஃபைல். டிசைனர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு கீபோர்டு, கடையில் இன்னொரு கீபோர்டு வைத்திருந்தால் திருத்திய ஃபைல் பழையதின் மேல் விழாமல் பக்கத்தில் போய் உட்காரும், அச்சகத்து ஆள் பழையதை எடுத்து பிளேட்டுக்கு அனுப்பிவிடுவார்.

தமிழும் தப்பவில்லை. கொல்லம் என்பதில் "கொ"வை, கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனியாகவும் சேமிக்கலாம். பழைய மேக் கம்ப்யூட்டர்கள் பிரித்துத்தான் வைக்கும். ஆனால் தமிழில் இந்த இரண்டும் சமம் என்று யூனிகோடே விதி வைத்திருப்பதால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டால் ஒன்றாக்கிவிடலாம், மலையாளச் சில்லுக்கு அப்படி ஒரு விதி இல்லை, தானாக ஒன்றாகாது. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது வேறு கதை, வின்எஸ்சிபியில் ஃபைல் பெயருக்கு யூடிஎஃப்-8 என்று வையுங்கள்.

எனக்குத் தாய்மொழியில் பெயர் வைப்பது பிடிக்கும், அதை விடச் சொல்ல மனம் வரவில்லை. அதனால் இப்படிச் செய்கிறோம்: முன்னால் ஆங்கில எண்ணில் ஜாப் நம்பர், பின்னால் எந்த மொழியில் என்ன வேண்டுமானாலும். 2417 என்று தொடங்கும் ஃபைல் இரண்டு இருந்தால் உடனே கண்ணில் பட்டுவிடும்.

குறிப்பிட்ட ஐபியில் இருந்து மட்டும் லாகின் விடலாமா?

சிவகாசியில் பிளேட் போடும் கடைக்கு நிலையான ஐபி இருந்தால் அவசியம் செய்யுங்கள். சாவி வரியின் தொடக்கத்தில் ஃப்ரம்= என்று ஐபியைக் கொடுத்து, கூடவே ரெஸ்ட்ரிக்ட் என்று சேர்த்துவிடலாம். மலைக்கு அந்தப்புறம் போய்வருகிறவர்களுக்கு இது சரிப்படாது. புளியரை எஸ் வளைவு ஏறும்போதே போன் கேரள டவரைப் பிடித்துவிடும், ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்யும் டிசைனரின் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். மொபைல் நெட்டில் பலர் ஒரே வெளி ஐபியைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதையும் ஃபெயில்2பேன் (தவறான லாகின் செய்யும் ஐபியைத் தடுக்கும் புரோகிராம்) போடும்போது நினைவில் வையுங்கள். அது வழக்கமாக 10 நிமிடத்தில் 5 தவறு நடந்தால் 10 நிமிடம் தடை போடும், யாரோ ஒருவர் செய்த தவறுக்கு உங்கள் பார்ட்டி வெளியே நிற்பார். சாவி மட்டும்தான் என்று ஆக்கிவிட்ட பிறகு தடை நேரத்தை நாள் கணக்கில் ஏற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரிந்து இல்லை.

22ஆம் போர்ட்டை மாத்தணுமா?

லாகில் குப்பை குறையும், அவ்வளவுதான். மாற்றினால் உபுண்டு 24.04இல் டீமன்-ரீலோட் கொடுத்து எஸ்எஸ்ஹெச்.சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், எஸ்எஸ்ஹெச்சை மட்டும் ரீலோட் செய்துவிட்டு மாறவில்லையே என்று நிற்காதீர்கள்.

பிளேட் கடையில பழைய கம்ப்யூட்டர், "நோ மேட்சிங்"னு ஏதோ சொல்லுது.

2021இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8லிருந்து பழைய எஸ்ஹெச்ஏ-1 கையெழுத்து தானாக ஏற்கப்படுவதில்லை. சர்வரில் அதைத் திரும்பத் திறந்துவிடச் சொல்லிப் பல குறிப்புகள் கிடைக்கும், செய்யாதீர்கள், ஒரு கடைக்காக எல்லாருடைய பூட்டையும் தளர்த்துவதாகும். அந்தக் கம்ப்யூட்டரில் வின்எஸ்சிபியின் புதிய பதிப்பைப் போடுங்கள், இலவசம்தான்.

யார் எப்ப என்ன ஏத்துனாங்கன்னு தெரியுமா?

ஃபோர்ஸ்கமாண்ட் வரியில் -எல் இன்ஃபோ போட்டது அதற்குத்தான். ஃபைல் பெயர், படித்த பைட், எழுதிய பைட், அழித்தது, பெயர் மாற்றியது எல்லாம் பதிவாகும். "நான் அனுப்பிட்டேன்", "வரலையே" என்ற சண்டை எங்கள் தொழிலில் தினமும் நடக்கும், ரிட்டன் 0, அதாவது எழுதியது பூஜ்யம் பைட், என்று அந்த வரியைக் காட்டிய பிறகு யாரும் சத்தம் போட்டதில்லை. ஆனால் பல லினக்ஸ்களில் ஜெயிலுக்குள் இருந்து /டெவ்/லாக் எட்டாது, லாக் காலியாக இருக்கும். ஒவ்வொரு ஜெயிலுக்குள்ளும் ரூட்டுக்குச் சொந்தமான டெவ் ஃபோல்டர் ஒன்று வைத்து, லாக் எழுதும் புரோகிராமான ஆர்சிஸ்லாகில் அங்கே கூடுதல் சாக்கெட் திறக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு நாள் வைப்பது? 2022 ஏப்ரல் 28இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு லாகை 180 நாள் வைக்கச் சொல்கிறது. நான் எல்லா இடத்திலும் அந்த அளவையே பின்பற்றுகிறேன். டெபியனில் லாக்ரொட்டேட் வாரம் ஒன்றாக நாலு மட்டும் வைத்து மற்றதை அழித்துவிடும், அதை 27 என்று மாற்றுங்கள்.

ஜெயில் போட்டாச்சு, இனி பேக்கப் வேண்டாம்தானே?

வேண்டும். பார்ட்டியின் கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் புகுந்தால் அவர் எழுத முடிகிற இன் ஃபோல்டரை அது பூட்டிவிடும், ஜெயில் அதைத் தடுக்காது, பக்கத்து ஃபோல்டருக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ளும். பேக்கப் எடுக்கும் மெஷின் சர்வருக்குள் வந்து இழுத்துக்கொள்ளட்டும், சர்வர் தள்ளிவிடும்படி வைக்காதீர்கள். தள்ளும் சாவி சர்வரில் இருந்தால் சர்வர் போகும்போது பேக்கப்பும் சேர்ந்து போகும்.

ஒரு பார்ட்டி விலகிட்டாரு. யூசர்மாட் -எல் போட்டு லாக் பண்ணிட்டேன், போதுமா?

போதாது. பெரிய -எல் பாஸ்வேர்டைத்தான் பூட்டும், சாவியோடு வருபவர் வழக்கம்போல உள்ளே வந்துவிடுவார். யூசர்மாட் --எக்ஸ்பயர்டேட் 1 கொடுங்கள், கணக்கே காலாவதியாகிவிடும். /ஈடிசி/எஸ்எஸ்ஹெச்/கீஸ் கீழே இருக்கும் அவர் சாவி ஃபைலையும் எடுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு இரண்டுக்கும் பிறகும் அறுந்துபோகாது, ஃபைல்ஜில்லாவைக் காலையில் திறந்து மாலை வரை மூடாதவர்கள் உண்டு, அதனால் பிகில் -யூ அடித்து அவர் யூசர் பெயரைக் கொடுங்கள். அவருடைய ஃபைல்களை மட்டும் உடனே அழிக்காதீர்கள், மகளுக்குப் பத்திரிகை அடித்த இடத்திலேயே மகனுக்கும் அடிக்க வேண்டும் என்று நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர் இருக்கிறார். அவரது ஃபைல் அன்றைக்கு பேக்கப் டிஸ்கில் பத்திரமாக இருந்தது, புதிதாகச் சாவி ஒன்று வாங்கிப் போட்டதோடு வேலை தொடங்கிவிட்டது.